எங்கள் ஆல்பம் வெளியாகும் முன்பே எவனோ பகிர்ந்துவிட்டான்: கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா?

கம்பி_நாலு

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறோம். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை, ராத்திரியில் ஒத்திகை. இரண்டரை வருஷமாகச் சேர்த்த பணத்தைப் போட்டு ஏழு பாட்டு பதிவு செய்து, மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்ததைச் சேர்ப்பது), மாஸ்டரிங் (கடைசி மெருகு) எல்லாம் முடித்து, போன மாதம் ஸ்ட்ரீமிங் தளங்களில் வெளியிட்டோம். வெளியிட்ட அன்றைக்கே ஒரு நண்பன் லிங்க் ஒன்று அனுப்பினான். ஒரு அரட்டைச் செயலியில் பாட்டுப் பகிர்வதற்கென்றே இருக்கும் குழு. அதில் எங்கள் ஏழு பாட்டும் ஒரே ஜிப் கோப்பாகக் கிடக்கிறது. போட்ட தேதியைப் பார்த்தால் எங்கள் வெளியீட்டுக்குப் பதினாறு நாள் முன்னால்.

இறக்கிக் கேட்டேன். (நம் பாட்டை நாமே திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்கிற கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.) 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது மட்டமான தரம். பேண்ட் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. மூன்றாவது பாட்டு கடைசி எட்டு விநாடி இல்லாமல் நறுக்கென்று நின்றுவிடுகிறது. இதையெல்லாம் விட எரிச்சல், அது இறுதி மிக்ஸே இல்லை. ஐந்தாவது பாட்டின் சரணத்தில் ஒரு வரியைக் கடைசி வாரம் மாற்றிப் பாடிப் பதிந்தோம், இதில் பழைய வரிதான் இருக்கிறது. அந்த மிக்ஸை மொத்தம் பதினொரு பேருக்குத்தான் அனுப்பினோம், கருத்துக் கேட்க. பதினொன்றும் தெரிந்த முகங்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை, போய்க் கேட்கவும் மனசு வரவில்லை.

அந்தக் குழுவில் 1,900 பேருக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள். எங்கள் சொந்தப் பக்கத்தில் ஐந்தாவது பாட்டு ஓடியிருப்பது 212 முறை. அதிலும் முப்பது நாற்பது நாங்களும் எங்கள் வீட்டு ஆட்களும்.

இதுவரை வெறும் கோபம்தான். ஆனால் போன சனிக்கிழமை ஒரு சின்ன நிகழ்ச்சியில் வாசித்தோம், அறுபது எழுபது பேர் இருப்பார்கள். ஐந்தாவது பாட்டின் சரணம் வரும்போது முன்வரிசையில் மூன்று பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். பாடுவது பழைய வரி! நான் புது வரியைப் பாட, அவர்கள் பழைய வரியைப் பாட, நடுவில் நான் தடுமாறி அவர்கள் பக்கமே போய்விட்டேன். டிரம்மர் சிரித்ததில் ஒரு பீட் தவறியது. எங்களுக்குத் தெரியாத ஒருவர் எங்கள் பாட்டை மனப்பாடமாகப் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிகழ்ச்சி முடிந்ததும் மூவரும் ஆளுக்கொரு டி-ஷர்ட் வாங்கிப் போனார்கள்.

இப்போது எங்களுக்குள்ளேயே சண்டை. பேஸ் வாசிப்பவன் உடனே நோட்டீஸ் அனுப்பி எல்லாவற்றையும் எடுக்க வைக்க வேண்டும் என்கிறான். லீட் கிட்டார்காரன், "விடுடா, காசில்லாமல் கிடைத்த விளம்பரம்" என்கிறான். எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது, இரண்டும் தப்பாகவும் படுகிறது. எங்களை மாதிரி யாருக்கும் தெரியாத பேண்டுக்கு இந்தப் பகிர்தலால் நிஜமாகவே நஷ்டம் எவ்வளவு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மெட்ரோனோம்

ப்ரோ, தத்துவம் அப்புறம். முதலில் அந்தச் செயலியிலேயே காப்புரிமைப் புகார் கொடுக்கும் வழி இருக்கும், அதில் புகார் போடுங்கள். நஷ்டத்துக்காக இல்லை. பேண்ட் பெயரையே தப்பாக எழுதி, பாதியில் அறுந்துபோகிற பாட்டை வைத்துக்கொண்டு உங்களை முதன்முதலாகக் கேட்கிறவன் என்ன நினைப்பான்? பிடித்திருந்தால்கூடத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதே. எடுத்த இரண்டாம் நாள் வேறு பெயரில் முளைக்கும், அது வேறு விஷயம்.

பழைய_கேசட்

கம்பி_நாலு தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் எனக்கு 2000-ஆம் வருஷம்தான் ஞாபகம் வந்தது. மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் பேண்டுக்கு நடந்ததும் இதேதான். ஒரு படத்துக்காகப் பதிவு செய்துகொண்டிருந்த பாட்டின் முடியாத வடிவம் ஒன்று நாப்ஸ்டர் என்ற இணையப் பாட்டுப் பகிர்வுச் சேவையில் கசிந்து, வெளியீட்டுக்கு முன்பே வானொலிகளில் ஓட ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்துதான் அவர்களுக்கு நாப்ஸ்டர் என்று ஒன்று இருப்பதே தெரியவந்தது. ஏப்ரலில் வழக்குப் போட்டார்கள். மே மாதம் அவர்களுடைய டிரம்மர் லார்ஸ் உல்ரிச், தங்கள் பாட்டைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமான பயனர் பெயர்களை அச்செடுத்துப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்துக்கே கொண்டுபோய் இறக்கினார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோடீஸ்வரன் சில்லறைக்கு அழுகிறான் என்று கேலி. நானே அப்போது ராத்திரி முழுக்க டயல்-அப் இணைப்பை ஓடவிட்டு, காலையில் எழுந்து எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் ஆள்.

இப்போது யோசித்தால் அந்த ஆள் பேசியது பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. முடிக்காத வேலையை என்னைக் கேட்காமல் ஏன் வெளியே விட்டாய் என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. உங்களுக்கும் வலிப்பது அந்தப் பழைய மிக்ஸ்தானே, 1,900 என்ற எண் இல்லையே?

நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். காப்பி எடுப்பதால் இசை செத்துவிடும் என்ற அழுகை நாப்ஸ்டருக்கு முன்பே உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், வீட்டில் கேசட்டில் பதிவது இசையைக் கொல்கிறது என்று பிரிட்டிஷ் ரெக்கார்டு கம்பெனிகள் மண்டையோடு படம் போட்டுப் பிரசாரம் செய்தன. அதற்குப் பதிலடியாக டெட் கென்னடிஸ் என்ற பங்க் பேண்ட் 1981-இல் தங்கள் கேசட் ஒன்றின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, வீட்டுப் பதிவு கம்பெனிகளின் லாபத்தைத்தான் கொல்கிறது, இந்தப் பக்கம் உங்களுக்காக விட்டிருக்கிறோம், பதிந்துகொள்ளுங்கள் என்று அச்சிட்டே வெளியிட்டது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் பேண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், கச்சேரியைப் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்று 1984-இல் அரங்கிலேயே தனி இடம் ஒதுக்கியது. அந்தக் கேசட்டுகள் கைமாறிக் கைமாறித்தான் ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது.

எனக்கு லேபிள்கள், அதாவது ரெக்கார்டு கம்பெனிகள் மேல் இரக்கம் வராததற்கு இன்னொரு காரணம் அவர்கள் போட்ட ஒப்பந்தங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். பதிவுச் செலவுக்கென்று லேபிள் 60 ரூபாய் முன்பணம் தருகிறது, உங்கள் ராயல்டி, அதாவது வருமானத்தில் உங்கள் பங்கு, 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 உங்கள் பேரில் கடன். அது கழிவது லேபிளுக்கு வரும் வருமானத்திலிருந்து இல்லை, உங்கள் 15 சதவீதத்திலிருந்து. ஆக லேபிளுக்கு 400 ரூபாய் வந்த பிறகுதான் உங்கள் கடன் அடையும். அதற்குள் அவர்கள் கையில் 340 சேர்ந்திருக்கும், உங்கள் கையில் சல்லிக்காசு இருக்காது. அதற்கு அப்புறமும் பாட்டின் மூலப் பதிவான மாஸ்டர் அவர்கள் பேரிலேயே. இந்தக் கணக்கில் எவனோ ஒருவன் பாட்டை ஓசியில் இறக்கினால் அன்றைக்கு அந்த பேண்டின் பையிலிருந்து போவது எவ்வளவு? பெரும்பாலான பேண்டுகளுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர்கள் கடனைத் தாண்டியதே கிடையாது.

அதனால் என் ஓட்டு லீட் கிட்டார்காரருக்கு.

ஃபேடர்

பழைய_கேசட் சார் சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன், மீதிக்குக் கோபம் வருகிறது. நான் பதினெட்டு வருஷமாக ஒலிப்பதிவுப் பொறியாளர். இந்த மாதிரி விவாதங்களில் எப்போதும் இரண்டே கட்சிதான் பேசும், ஒரு பக்கம் கோடீஸ்வர நட்சத்திரம், இன்னொரு பக்கம் கொள்ளைக்கார லேபிள். நடுவில் இருந்தவர்களை யாருமே நினைப்பதில்லை. கூலிக்கு ஸ்டுடியோவில் வாசிக்கும் செஷன் கலைஞர்கள், மிக்ஸிங் ஆட்கள், டேப் இயந்திரம் பழுது பார்ப்பவர், பெரிதாகப் புகழ் இல்லாமல் ஆனால் வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போட்டுக் குடும்பம் நடத்திய நடுத்தர பேண்டுகள்.

உலக அளவில் பதிவிசை வருமானம் 1999-இல் உச்சத்தில் இருந்தது. 2014-க்குள் ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. சரிந்தபோது லேபிள்காரன் தன் சம்பளத்தையா முதலில் குறைத்தான்? கம்மியாக விற்கும் பேண்டுகளை வெளியே அனுப்பினான், பதிவுக்கான பட்ஜெட்டை வெட்டினான். நியூயார்க்கில் ஹிட் ஃபேக்டரி மாதிரி பெயர்பெற்ற ஸ்டுடியோவே 2005-இல் மூடப்பட்டது. கம்ப்யூட்டரில் வீட்டிலேயே பதியும் வசதி வந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. பாட்டைத் தனித்தனியாக விற்கத் தொடங்கியதும் காரணம். 2003-இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இணையக் கடை ஒரு பாட்டை 99 சென்ட்டுக்குக் கொடுத்தபோது, ஒரு நல்ல பாட்டுக்காக மீதிப் பதினொன்றையும் சேர்த்து வாங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ஆனால் அந்த 99 சென்ட் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? எதிரில் இலவசம் என்ற கடை திறந்திருக்கும்போது இவன் அதற்குமேல் விலை சொல்ல முடியாது. பாட்டு என்றால் காசு கொடுக்க வேண்டியதில்லை என்ற பழக்கம் ஒரு தலைமுறைக்கே வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தின் விலையை நட்சத்திரமும் கொடுக்கவில்லை, லேபிளும் கொடுக்கவில்லை.

இப்போது என்னிடம் வரும் பேண்டுகளில் பாதிப் பேர், "அண்ணே, முதலில் பேருக்குச் செய்து கொடுங்கள், ஹிட் ஆனால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நீங்கள் ஓசி விளம்பரம் என்கிறீர்கள் அல்லவா, அந்த விளம்பரத்தில் என் உழைப்பும் இருக்கிறது. நான் டி-ஷர்ட் விற்பதில்லை.

கம்பி_நாலு, உங்கள் மிக்ஸிங் பொறியாளருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்களா? சும்மா கேட்டேன்.

கம்பி_நாலு

ஃபேடர் அண்ணே, கொடுத்துவிட்டோம், மூன்று தவணையாக. கடைசித் தவணைக்கு டிரம்மர் தன் ஸ்னேர் டிரம் ஒன்றை விற்றான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி குத்தியது, பொய் சொல்ல மாட்டேன்.

பழைய_கேசட்

ஃபேடர், உங்கள் கோபம் நியாயம். ஆனால் சரிவு முழுவதையும் பகிர்தலின் தலையில் கட்ட முடியாது. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002-இன் பதிவிறக்கத் தரவுகளை ஆல்பம் விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பதிவிறக்கத்தால் விற்பனைக்கு ஏற்பட்ட பாதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று 2007-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஃபேடர்

அதே கட்டுரையை லீபோவிட்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் கிழித்துத் தொங்கவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். பொருளியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை விற்பனை அடிவாங்கியது என்றுதான் சொல்கின்றன, எவ்வளவு என்பதில்தான் சண்டை.

கணக்குப்பிள்ளை

இரண்டு பேரும் இருபது வருஷத்துக்கு முந்தைய சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்கு யாரும் சிடி வாங்குவதற்குப் பதிலாக இறக்குவதில்லை, சந்தாவில் கேட்பதற்குப் பதிலாக இறக்குகிறார்கள். கம்பி_நாலு கேட்ட நஷ்டக் கணக்கை அந்த வழியில் போட்டுப் பார்ப்போம்.

212 முறை ஓடிய பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் வருமானம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். 2024 தொடக்கத்திலிருந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது என்று விதி. அந்தக் காசு மற்ற பாட்டுகளின் பங்கில் போய்ச் சேரும். சரி, அந்த 1,900 பேரும் நல்ல பிள்ளைகளாக இறக்காமல், ஸ்ட்ரீமிங்கில் ஆளுக்கு ஒரு தடவை ஐந்தாவது பாட்டைக் கேட்டிருந்தால்? ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் இல்லை, ஆனால் எல்லோரும் பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் சுமார் ஆறு டாலர். அதில், பாட்டைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு எடுப்பவராக இருந்தால் அதுவும் போக, மீதியை நான்கு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். கிட்டார் கம்பி ஒரு செட் வாங்கக்கூடக் காணாது. ஏழு பாட்டையும் பத்து தடவை கேட்டிருந்தால் நானூறு டாலருக்கு மேல் போகும், அது உண்மையான பணம். ஆனால் யாருக்கும் தெரியாத பேண்டை 1,900 பேர் அப்படிக் கேட்பார்கள் என்று நினைப்பது ஆசை, அதை நஷ்டத்தில் எழுதக் கூடாது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. அந்த முன்வரிசைப் பையன்களில் ஒருவன் மாதச் சந்தா கட்டுகிறான், மாதம் முழுக்க உங்கள் ஏழு பாட்டை மட்டுமே கேட்கிறான் என்று வையுங்கள். அவன் சந்தா உங்களுக்கு வராது. எல்லோருடைய பணமும் ஒரே குளத்தில் கொட்டப்படும். தளம் தன் பங்காக ஏறக்குறைய மூன்றில் ஒன்றை எடுத்த பிறகு, மீதியை மொத்த ஸ்ட்ரீம்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிப்பார்கள். நாள் முழுக்கக் கடையிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டு பெரிய வாளியால் மொண்டுகொள்ளும், அவன் ஒருவன் காதலோடு கேட்ட பாட்டுக்கு ஒரு துளி. கேட்பவரின் காசு அவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும் என்ற முறையை சவுண்ட்கிளவுட் தளம் 2021-இல் தனிக் கலைஞர்களுக்காகக் கொண்டுவந்தது. பெரிய தளங்கள் இன்னும் குளத்தை விடுவதாக இல்லை.

2015-இலிருந்து பதிவிசை வருமானம் மறுபடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-இல் 28.6 பில்லியன் டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங். தொழில் பிழைத்துவிட்டது சார். ஃபேடர் சொன்ன நடுத்தர ஆட்கள் திரும்பி வந்தார்களா? திருட்டுதான் நோய் என்றால், மருந்து வேலை செய்த பிறகும் ஏன் இவர் முன்னால் வந்து நிற்கும் பேண்டிடம் காசு இல்லை?

ஃபேடர்

இதற்குப் பதில் யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு வருகிறேன்.

காதுக்குள்ளே

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது இறக்குகிறவன். உண்மையைச் சொல்கிறேன், திட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் சந்தாவும் கட்டுகிறேன். ஆனாலும் அந்த மாதிரிக் குழுக்களில்தான் கிடக்கிறேன், ஏனென்றால் தளம் எனக்குப் பரிந்துரைப்பதெல்லாம் ஏற்கெனவே கேட்டது மாதிரியே இருக்கும் பாட்டு. குழுவில் ஒரு ஆள், "இதைக் கேட்டுப் பார், மூன்றாவது நிமிஷத்தில் டிரம்ஸ் வருவதைக் கவனி" என்று எழுதிப் போடுவான். அந்த ஒரு வரிக்காகத்தான் இறக்குவேன். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பாட்டுக்கு மேல் தளங்களில் ஏறுகிறது என்கிறார்கள். அதில் கம்பி_நாலுவின் பாட்டை எனக்கு யார் காட்டுவது?

ஒன்று மட்டும் வெட்கமாக இருக்கிறது. போன வருஷம் இப்படி இறக்கி, நூறு தடவையாவது கேட்ட ஒரு ஆல்பம் இருக்கிறது. இந்தத் திரியைப் படித்த பிறகுதான் அந்த பேண்டுக்குச் சொந்தப் பக்கம் இருக்கிறதா என்றே தேடினேன். இருந்தது. கடைசிப் பதிவில் பேண்ட் கலைந்துவிட்டதாகப் போட்டிருக்கிறார்கள்.

மெட்ரோனோம்

காதுக்குள்ளே, இதற்கு உங்களைத் திட்டியிருந்தாலே தேவலை.

கம்பி_நாலு

எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை போட்ட கணக்கை பேஸ்காரனிடம் காட்டினேன், ஆறு டாலர் என்றதும் பத்து நிமிஷம் பேசவில்லை. அவனுடைய கேள்வி இப்போது வேறு. இந்தப் பகிர்தலால் ஆள் சேர்ந்து மேலே வந்த பேண்ட் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை சும்மா ஆறுதலுக்குச் சொல்வதா?

பழைய_கேசட்

இருக்கிறது. ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் பேண்ட். கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு டெமோ (மாதிரிப் பதிவு) சிடியைச் சும்மா கொடுத்தார்கள், ரசிகர்கள் அதை இணையத்தில் ஏற்றிப் பரப்பினார்கள். லேபிள் வருவதற்கு முன்பே அரங்கில் எல்லோரும் கூடப் பாடினார்கள், உங்கள் மூன்று பையன்கள் மாதிரி. 2006-இல் முதல் ஆல்பம் பிரிட்டனில் முதல் வாரத்திலேயே மூன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. பாதிப் பாட்டு எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்தும்!

கணக்குப்பிள்ளை

அவர்களோடு அதே வருஷம் டெமோ கொடுத்த மற்ற பேண்டுகளின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். லாட்டரி விழுந்தவனை மட்டும் பேட்டி எடுத்தால் லாட்டரி நல்ல தொழில்தான். ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் பேண்ட் 2007-இல், விரும்பிய விலை கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஆல்பம் விட்டதையும் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேல் ஒரு பெரிய லேபிளின் பணத்தில் உலகம் முழுக்கப் பெயர் சேர்த்தவர்கள் அவர்கள். நம் ஆள் அப்படி விட்டால் விலை கொடுக்கப்போவது சித்தப்பா மட்டும்தான்.

ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் ஒன்றைக் கவனியுங்கள். டெமோ சிடியைக் கையில் கொடுத்தது அந்த பேண்ட். பதிவுக்கு இடம் ஒதுக்கியது கிரேட்ஃபுல் டெட். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். அதனால் நோட்டீஸா விளம்பரமா என்று அடித்துக்கொள்ளாமல், அந்தக் குழு அட்மினிடம் நேராகவே பேசிப் பாருங்கள். தப்பான கோப்பை எடு, இதோ நல்ல கோப்பு, இதோ எங்கள் பக்கம் என்று. ஒரு பாட்டை நீங்களே நல்ல தரத்தில் இலவசமாகக் கொடுத்து, பதிலுக்கு மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். தளம் தருகிற எண்ணிக்கையை வைத்து அடுத்த நிகழ்ச்சிக்கு யாரையும் கூப்பிட முடியாது, முகவரி இருந்தால் முடியும். மீதியை பேண்ட்கேம்ப் மாதிரி, கலைஞர்களே நேராக விற்கும் இடத்தில் விலை போட்டு வையுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். 2020 மார்ச்சில் ஆரம்பித்து, சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் எடுப்பதில்லை.

பழைய_கேசட்

எந்தத் தளத்தையும் முழுசாக நம்பிவிடாதீர்கள் தம்பி, மாஸ்டர் கோப்புகளை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளத்தை நம்பி எத்தனை பேண்டுகள் இருந்தன! சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டெல்லாம் போய்விட்டது என்று 2019-இல் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து கோடிப் பாட்டுக்கு மேல் இருக்கும் என்று அப்போது செய்தி வந்தது. அதில் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிற்பாடு கிடைத்தது, அதுவும் யாரோ ஒரு ஆய்வுக் குழு முன்பே இறக்கி வைத்திருந்ததால். இறக்கி வைத்த புண்ணியவான்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

ஃபேடர்

யோசித்துவிட்டு வந்தேன். கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. திருட்டு குறைந்தும் என் வேலைக்கான கூலி ஏறவில்லை, அது உண்மை. ஆனாலும் இறக்குகிறவனை என்னால் புண்ணியவான் என்று கூப்பிட முடியாது, அவ்வளவுதான்.

கம்பி_நாலுவுக்கு ஒரு தொழில் யோசனை. இனிமேல் கருத்துக் கேட்க மிக்ஸ் அனுப்பினால் கோப்பாக அனுப்பாதீர்கள், கேட்க மட்டும் முடிகிற லிங்க் அனுப்புங்கள். கோப்புதான் வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வித்தியாசம் வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். ஒருவருக்குத் தொடக்க மௌனம் 0.40 விநாடி, இன்னொருவருக்கு 0.45. காதுக்குத் தெரியாது. கசிந்தால் கோப்பை எடிட்டரில் போட்டு அளந்து பார்த்தால் யார் என்று ஓரளவு தெரிந்துவிடும். நாங்கள் செய்வதுண்டு.

கம்பி_நாலு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், நிலவரம் சொல்ல.

அட்மினுக்கு எழுதினேன். திட்டி எழுதிய முதல் வடிவத்தை அழித்துவிட்டு, கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில்: "அது முடியாத மிக்ஸ் என்று தெரியாது, மன்னிக்கவும். ஃபிளாக் கோப்பு கிடைக்குமா?" தரம் குறையாத கோப்பு வேண்டுமாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜிப்பை எடுத்துவிட்டார், எங்கள் பக்கத்தின் லிங்க்கைக் குழுவின் தலையில் ஒட்டி வைத்தார். ஐந்தாவது பாட்டை நல்ல தரத்தில் இலவசமாக வைத்தோம்.

லிங்க்கைத் திறந்தவர்கள் 640. மின்னஞ்சல் கொடுத்து இறக்கியவர்கள் 58. முழு ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் 9. பழைய ஜிப் வேறு இரண்டு குழுக்களில் இன்னமும் சுற்றுகிறது, அவர்கள் பதிலே போடவில்லை.

ஃபேடர்

ஒன்பது பேர். என் அரை நாள் கூலிக்கு வராது.

கம்பி_நாலு

வராது அண்ணே. ஆனால் அந்த ஒன்பதில் ஒருவர், பாட்டு நன்றாக இருக்கிறது, ஐந்தாவது பாட்டில் அந்த வரியை ஏன் மாற்றினீர்கள், பழையதே மேல் என்று எழுதியிருக்கிறார். டிரம்மரும் அதையேதான் முதலிலிருந்து சொல்கிறான். அடுத்த நிகழ்ச்சி இருபதாம் தேதி, எந்த வரியைப் பாடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த 58 பேருக்கும் அழைப்பு அனுப்பியாயிற்று. அந்தப் பதினொரு பேருக்கும்கூடத்தான்.